மட்கும் மரத்தின் மரகத ஒளி

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, மலைகளுக்கு இடையே எமரால்டு என்னும் ஊர் அமைந்துள்ளது. எமரால்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மரகதம் என்பது பொருள். தேயிலைத் தோட்டங்களின் இளம்பசுமையும், உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் சரிவுகளின் பசுமையும், பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைகளின் கரும்பசுமையும் ஒருங்கே விளங்கும் அவ்வூருக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. அங்கே ஓர் அணை உண்டு. அண்டையில் அவலாஞ்சி அணையும் உண்டு. 1956-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் உதவியுடன் தொடங்கப்பெற்ற குந்தா நீர்மின் திட்டத்தின் உறுப்புகள் அவை. மலையிற் பெய்யும் மழை அவ்வணைகளில் தேங்கிச் சுரங்க வழியே இறங்கி மின்பொறிகளைச் சுழற்றுகிறது. சமவெளியில் விளக்குகள் எரிகின்றன. ஆகவே, எமரால்டை ஒளி பிறக்கும் இடங்களுள் ஒன்று என்று கூறுதல் மிகையாகாது.

மலைக்காடுகளிற் பிறக்கும் ஒளி வேறொன்றும் உண்டு. அதற்கு அணை வேண்டா, கம்பி வேண்டா, திரியும் எண்ணெயும் வேண்டா. மழைக்காலத்து இரவில், நிலவும் இல்லாத இருளில், வீழ்ந்து மட்கிய மரத்தின்மேல் மெல்லிய பச்சை ஒளி படர்ந்து தோன்றும். அது தொட்டாற் சுடாது, காற்றில் அணையாது, ஈரம் உள்ளவரை விளங்கி, மரம் உலர்ந்தால் மறையும். அவ்வொளியைத் தருவது காளான். அல்லது காளானுக்கு வேர்போல மரத்தினுள் ஓடிப் பரவும் நுண்ணிய இழைகள்.

உலகில் இத்தகைய காளான்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. நீலகிரியைத் தன்னகத்தே கொண்ட மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அவை உண்டு. மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காடுகளில் மழை மாதங்களில் மட்கிய மரங்கள் ஒளிர்வதைப் பலர் கண்டுள்ளனர். கேரளத்திற் கிடைத்த ஒளிரும் காளான் ஒன்றுக்கு 2012-ஆம் ஆண்டில் ‘மைசீனா தீப்தா’ என்று அறிஞர்கள் பெயரிட்டனர். தீப்தம் என்பதற்கு ஒளிர்வது என்று பொருள். நாட்டின் வடகிழக்கே மேகாலயத்தில், பட்டுப்போன மூங்கிலில் முளைக்கும் ஒரு சிறு காளான் 2020-ஆம் ஆண்டில் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் குடை ஒளிர்வதில்லை. காம்பு மட்டுமே ஒளிர்கிறது. விஞ்ஞானிகளுக்கு அது புதியது. அங்குள்ள மக்களுக்கோ பழையது. ஒளிரும் மூங்கிற் கழியைக் கையில் ஏந்தி இருளில் வழி நடப்பது அவர்கள் வழக்கம்.

மட்கும் மரத்தைக் கண்டவர் பொதுவாக இரு வகையாக நடந்துகொள்வர். இரவில் அது ஒளிரக் கண்டவர் அஞ்சி ஓடுவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இருளில் ஒளிர்வதும் அவனுக்குப் பேயே. பகலில் அதே மரத்தைக் கண்டவர், ‘உளுத்த கட்டை, உதவாத கட்டை’ என்று காலால் எற்றிவிட்டுச் செல்வர். அச்சமும் இகழ்ச்சியும் வெவ்வேறாகத் தோன்றினும் அவற்றின் வேர் ஒன்றே. நின்று பாராமையே அவ்வேர். நின்று பார்த்தவர்கள் கண்டவற்றை அறிந்தால், காட்டில் மட்கும் மரத்தைக் கழிவு என்று சொல்ல எவருக்கும் நா எழாது. நீலகிரியின் சோலைகள் வாழ வேண்டுமாயின், அச்சொல் முதலில் மறைய வேண்டும்.

நின்று பார்த்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் கார்ட்னர் என்னும் தாவர நூலறிஞர். ஸ்காட்லாந்து நாட்டினராகிய அவர், செடிகொடிகளைத் தேடிப் பிரேசில் நாட்டில் ஐந்து ஆண்டுகள் அலைந்தவர். 1839-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் இருண்ட இரவில், நாட்டிவிடாடே என்னும் சிற்றூரின் தெருவில் அவர் நடந்து சென்றார். அங்கே சிறுவர்கள் ஒளிரும் பொருள் ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தனர். பெரிய மின்மினிப் பூச்சி போலும் என்று கருதி அவர் நெருங்கிப் பார்த்தார். அது ஒரு காளான். குட்டையான ஒருவகைப் பனையின் மட்கிய மட்டைகளில் அது மிகுதியாக முளைத்திருந்தது. ஊரார் அதனைத் ‘தென்னம்பூ’ என்னும் பொருள்படத் தங்கள் மொழியில் வழங்கினர். கார்ட்னர் அதனைப் பற்றி எழுதி அனுப்பிய குறிப்பு 1840-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் அக்காளானுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அதே கார்ட்னர் 1844-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிற்கு வந்தார். கோயம்புத்தூரில் தங்கித் தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்துவந்த இராபர்ட் ஒயிட் என்னும் அறிஞரைக் கண்டார். நீலகிரி மலையின்மேல் ஏறிச் செடிகொடிகளைத் திரட்டினார். அப்பயணத்தை விரித்து இலண்டன் இதழ் ஒன்றில் எழுதினார். 1849-ஆம் ஆண்டில் இலங்கையின் நுவரெலியாவில் அவர் உயிர் நீத்தார். தெருவில் விளையாடிய சிறுவர்களின் கையிலிருந்த பொருளை அற்பம் என்று எண்ணி அவர் கடந்து சென்றிருப்பாராயின், அக்காளான் நெடுங்காலம் அறிவுலகத்திற்கு எட்டாமலே இருந்திருக்கும்.

காளான் ஒளிர்வது கார்ட்னர் காலத்திற்கு நெடுநாள் முன்பே அறியப்பட்டிருந்தது. இருளில் மட்டும் கண்ணுக்குப் புலப்படும் பொருள்களைக் குறிப்பிடுகையில், கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் காளானையும் சேர்த்துள்ளார். ஆயினும், ஒளி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சோதனை செய்து பார்த்தவருள் முதன்மையானவர் இராபர்ட் பாயில். 1667-ஆம் ஆண்டில் அவர் ஒளிரும் மரத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கலத்தினுள் வைத்து, அதிலுள்ள காற்றைப் பொறியினால் வெளியேற்றினார். ஒளி மங்கி மறைந்தது. காற்றை மீண்டும் உள்ளே விட்டார். ஒளி மீண்டும் தோன்றிற்று. காற்று இல்லையேல் நெருப்பு எரியாது. காற்று இல்லையேல் இக்குளிர்ந்த ஒளியும் விளங்காது. இரண்டிற்கும் ஏதோ உறவு உண்டு என்பது அன்றே புலனாயிற்று. பிராணவாயு என்பது ஒன்று உண்டு என்பதே அப்போது உலகிற்குத் தெரியாது. அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராபேல் துபுவா என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, ஒளிரும் வண்டுகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்தார். ஒளி பிறப்பதற்கு இரு பொருள்கள் வேண்டும் என்று அவர் காட்டினார். ஒன்று, பிராணவாயுவுடன் கூடி ஒளியைத் தரும் பொருள். அதற்கு லூசிபெரின் என்று பெயரிட்டார். மற்றொன்று, அக்கூட்டத்தை விரைந்து நிகழச் செய்யும் நொதி. அதற்கு லூசிபெரேஸ் என்று பெயரிட்டார். பாலைத் தயிராக்கும் உறை எவ்வாறு சிறிதளவே இருந்து பெரும் மாற்றத்தைச் செய்கிறதோ, அவ்வாறே நொதியும் சிறிதளவே இருந்து வேலை செய்யும்.

1959-ஆம் ஆண்டில் ஏர்த், மெக்எல்ராய் என்னும் இருவர் ஒளிரும் காளான்களை அரைத்துச் சாறு எடுத்தனர். கொதிக்கும் நீரில் எடுத்த சாற்றையும் குளிர்ந்த நீரில் எடுத்த சாற்றையும் தக்க முறையிற் கலந்தபோது சோதனைக் குழாயில் ஒளி தோன்றிற்று. காளானின் ஒளியும் இரசாயன ஒளியே என்பதற்கு அது சான்றாயிற்று. ஆனால் அந்த லூசிபெரின் எத்தகைய பொருள் என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புலப்படவில்லை. இரஷ்யா, பிரேசில், ஜப்பான் ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் கூடி உழைத்து 2015-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தனர். ஒளிரும் காளானில் அப்பொருள் மிகச் சிறிதளவே உள்ளது. ஆதலின், அதற்கு மூலமான ஹிஸ்பிடின் என்னும் பொருளைச் சற்றும் ஒளிராத வேறொரு காளானிலிருந்து மிகுதியாக எடுத்து அவர்கள் ஆராய்ந்தனர். விளக்கின் இரகசியம் விளக்கேயல்லாத ஒன்றினுள் இருந்தது! சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று முன்னோர் கூறியது எவ்வளவு உண்மை!

அந்த இரசாயனத்தைப் பள்ளி மாணவரும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

முதற்பொருள் காஃபிக் அமிலம். காப்பியின் பெயரால் அமைந்த பெயர் இது. ஆனால் காப்பிக்குச் சுறுசுறுப்பூட்டும் தன்மையைத் தரும் காஃபீன் வேறு, இது வேறு. காப்பிக்கொட்டையில் மட்டுமன்றிப் பெரும்பாலும் எல்லாத் தாவரங்களிலும் இவ்வமிலம் உண்டு. இதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் 9 கார்பன் அணுக்கள் உள்ளன. காளானின் உயிரணுவில் உள்ள ஒரு நொதி, இரண்டிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட இரு துண்டுகளை இத்துடன் இணைக்கிறது. ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. இவ்வாறு உண்டான 13 கார்பன் அணுக்கள் கொண்ட பொருளே ஹிஸ்பிடின். இதற்கு ஒளி இல்லை. வேறொரு நொதி வந்து பிராணவாயுவின் ஓர் அணுவை இதனிற் சேர்க்கிறது. இப்போது இது லூசிபெரின் ஆகிவிட்டது. திரி இட்டு எண்ணெய் வார்த்த அகல்போல இது காத்திருக்கிறது.

அடுத்து, லூசிபெரேஸ் என்னும் நொதி, காற்றிலுள்ள பிராணவாயு மூலக்கூறு ஒன்றை முழுமையாக எடுத்து லூசிபெரினுடன் பிணைக்கிறது. இப்பிணைப்பு நிலையற்றது. இழுத்து வளைத்த வில்லைப்போல இதனுள் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நாண் விடுபட்டாற்போல அது உடைகிறது. ஒரு கார்பன் அணு கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. பதின்மூன்றில் ஒன்று போக எஞ்சியவை 12. அந்த 12 கார்பன் அணுக்கள் கொண்ட பொருள் முதலிற் கிளர்ச்சியுற்ற நிலையில் உள்ளது; பின்பு அமைதி நிலைக்கு இறங்குகிறது. இறங்கும்போது தன்னிடம் மிகுந்திருந்த ஆற்றலை வெப்பமாக வீசாமல் பச்சை ஒளியாக உமிழ்கிறது. அவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 520 முதல் 530 நானோமீட்டர். மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். கண்ணுக்கு மரகத நிறமாகத் தோன்றும் ஒளி அதுவே.

கதை இத்துடன் முடியவில்லை. ஒளியைத் தந்து ஓய்ந்த பொருளைக் காளான் குப்பையாக ஒதுக்குவதில்லை. இன்னொரு நொதி, நீரின் துணைகொண்டு அதனை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பகுதியில் 9 கார்பன் அணுக்கள், மற்றொன்றில் 3. அந்த ஒன்பது எது? தொடக்கத்தில் இருந்த காஃபிக் அமிலமே! அது மீண்டும் முதலிலிருந்து தன் பயணத்தைத் தொடங்குகிறது. எஞ்சிய மூன்று அணுத் துண்டினை உயிரணு தன் பிற பணிகளுக்கு எடுத்துக்கொள்கிறது. வெளியேறிய கரியமிலவாயுவையோ செடிகொடிகள் பகலில் உட்கொள்கின்றன. எரிந்த விளக்கின் கரியைத் திரட்டி மீண்டும் எண்ணெயாக்கும் விளக்கு ஒன்று உண்டென்றால் யார் நம்புவர்? மட்கும் மரத்தில் அத்தகைய விளக்கே இருக்கிறது. உலகம் கழிவு என்று தள்ளும் கட்டையின்மேல் அமர்ந்து, கழிவே இல்லாமல் தொழில் நடத்திக் காட்டுகிறது காளான்.

இவ்வளவு முயன்று காளான் ஏன் ஒளிர வேண்டும்? கார்ட்னர் பெயர் பெற்ற காளானைக்கொண்டு பிரேசிலில் ஆராய்ந்தவர்கள் தங்கள் முடிவை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்காளானுக்குள் ஒரு காலக் கணக்கு உள்ளது. அதன் ஒளி பகலிற் குறைந்து, இரவு 10 மணி அளவில் மிகுகிறது. அவர்கள் பிசினாற் பொய்க்காளான்கள் செய்து, சிலவற்றினுள் சிறு பச்சை விளக்கை வைத்துக் காட்டில் நிறுத்தினர். ஒளியில்லாதவற்றைவிட ஒளியுள்ளவற்றை வண்டு, ஈ, எறும்பு முதலியவை மிகுதியாக நாடின. காற்றோட்டம் குறைந்த அடர்ந்த காட்டில், காளானின் நுண்வித்துகளைச் சுமந்து பரப்ப இப்பூச்சிகள் உதவக்கூடும் என்று அவர்கள் கருதினர். ஆனால் 2016-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் ஒளிரும் காளான் ஒன்றை ஆராய்ந்தவர்கள் அங்கே பூச்சிகள் அவ்வாறு ஒளியை நாடக் காணவில்லை. ஒரு காட்டின் விடை மற்றொரு காட்டிற்குப் பொருந்தாமல் இருக்கலாம். விடை கண்டாயிற்று என்று ஓய்வதைவிட, வினாவைத் திறந்து வைத்து மேலும் பார்ப்பதே அறிவுடையோர் வழி.

ஒளியின் இரசாயனம் விளங்கியபின் அதன் பயனும் விரிந்தது. காளானுக்கு ஒளி தரும் மரபணுக்கள் எவை என்பது 2018-ஆம் ஆண்டில் தெரியவந்தது. காஃபிக் அமிலம் தாவரங்களில் இயல்பாகவே உண்டு அன்றோ? ஆகவே, அம்மரபணுக்களைப் புகையிலைச் செடியிற் புகுத்தியபோது செடி முழுவதும் தானே ஒளிர்ந்தது. இச்செய்தி 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிரும் பூச்செடியே விற்பனைக்கு வந்தது. செடியின் உள்ளே நிகழும் மாற்றங்களை, செடியை வெட்டாமலே, அதன் ஒளியைக்கொண்டு அறியும் வழியும் இதனால் திறந்துள்ளது. இவை அனைத்திற்கும் தோற்றுவாய் என்ன? உளுத்த கட்டை!

எனினும், மனிதனுக்கு இன்று பயன்படுவதால் மட்டுமே மட்கும் மரத்தைப் போற்ற வேண்டும் என்று கூறுதல் குறைபாடுடைய வாதம். காட்டிற்கு அதனால் உள்ள பயனே பெரிது. மரத்திற்கு உறுதியைத் தருவது லிக்னின் என்னும் பொருள். அதனை உடைத்துச் செரிக்கும் வல்லமை உயிர்களுள் மிகச் சிலவற்றிற்கே உண்டு. அவற்றுள் தலையாயவை மரத்தை அழுகச் செய்யும் காளான்கள். ஒளிரும் காளான்களிற் பெரும்பாலானவை இக்குடியைச் சேர்ந்தவை. அவை இல்லையேல் வீழ்ந்த மரங்கள் வீழ்ந்தவாறே குவிந்து கிடக்கும். மரத்தினுள் அடைபட்ட சத்துகள் மண்ணுக்குத் திரும்பா. புதிய கன்றுகளுக்கு உணவு இல்லாது போகும். மட்கிய மரம் பஞ்சுபோல நீரை ஏந்துகிறது. அதன் நிழலிலும் ஈரத்திலும் விதைகள் முளைக்கின்றன. வண்டுகளும் தவளைகளும் தேரைகளும் குடியிருக்கின்றன. பிறந்த மரம் வாழும் காலத்தில் ஒரு கொடை செய்கிறது. வீழ்ந்தபின் மற்றொரு கொடை செய்கிறது.

இவ்வுண்மை எமரால்டுப் பகுதிக்கு மிக நெருங்கியது. அவலாஞ்சியில் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய மலைநாட்டில் மண்ணைப் பிடித்து வைப்பதும், நீரை வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவதும் சோலைகளும் புல்வெளிகளுமே. தேயிலையும், கற்பூர மரமும், சீகை மரமும், அணைநீரும் பரவிய பின்பு அச்சோலைகள் சிறு சிறு திட்டுகளாகவே எஞ்சியுள்ளன. காட்டுச் செண்பகமும் நாவலும் வளர்ந்து முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். அவ்வாறு எஞ்சிய சோலையிலும் வீழ்ந்த மரத்தை வெளியே இழுத்துச் சென்றால், சோலை தன் மண்ணைத் தானே ஆக்கிக்கொள்ளும் வழி அடைபடும். மேலே இலை பசுமையாகத் தோன்றும். கீழே மண் வறுமையுறும்.

இதற்கு எதிராக இரு வாதங்கள் எழும். இரண்டும் புறக்கணிக்கத் தக்கவை அல்ல.

முதலாவது வாதம் தேயிலைத் தோட்டத்தினருடையது. மட்கும் கட்டையில் வாழும் பூஞ்சைகளுட் சில, வேரழுகல் நோயைப் பரப்பும். ஆர்மில்லாரியா என்னும் காளான் இனத்தின் இழைகள் இருளில் ஒளிர்வன. அவையே தேயிலை உள்ளிட்ட பல மரங்களின் வேரைத் தாக்குவன. ஆகவே, தோட்டத்தில் வெட்டிய நிழல் மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி அகற்றுவது முறையே. ஆனால் தோட்டத்தின் விதி வேறு. சோலையின் விதி வேறு. வயலிற் களை எடுப்பது உழவர் கடமை என்பதனாற் காட்டிலும் புல்லைப் பறிக்க வேண்டும் என்று எவரும் சொல்லார். எங்கே அகற்ற வேண்டும், எங்கே விட்டுவைக்க வேண்டும் என்று பகுத்தறிவதே அறிவு.

இரண்டாவது வாதம் அடுப்பினுடையது. நாள் முழுதும் தேயிலை பறித்துவிட்டு, மாலைக் குளிரில் ஒரு சுமை விறகுடன் வீடு திரும்பும் தாயிடம் சென்று, ‘அம்மா, அக்கட்டையில் ஒளி இருக்கிறது, அதனை எடுக்காதீர்கள்’ என்று கூறினால், ‘என் அடுப்பிலும் ஒளி வேண்டுமே!’ என்று அவர் கேட்பார். அக்கேள்வி நேர்மையானது. மலைநாட்டின் குளிரில் நெருப்பு உணவுக்கு மட்டும் அன்று, உயிருக்கே அரண். சோலையைக் காக்கும் சுமை முழுவதையும் அத்தாயின் தலையில் ஏற்றுதல் அறமாகாது.

ஆயின் வழி இல்லாமல் இல்லை. நீலகிரியில் அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து நட்ட சீகை மரங்கள் புல்வெளிகளையும் சோலையோரங்களையும் அளவுக்கு மிஞ்சிப் பரவி நெருக்குகின்றன. அவற்றை அகற்ற வேண்டும் என்பதே காடறிந்தோர் கருத்து. அவ்வாறு அகற்றும் மரத்தை முறைப்படி அண்டையூர் மக்களுக்கு விறகாக வழங்கினால் அடுப்பும் எரியும், புல்வெளியும் மீளும். எரிவாயு உருளை எட்டாத வீடுகளுக்கு அது எட்டுமாறு செய்தல் அரசின் கடமை. அது தீரும்போது மீண்டும் நிரப்பும் விலை ஏழைக்குத் தாங்குமாறு செய்தலும் கடமையே. அடுப்பிற்கு வேறு விறகு கிடைத்தபின் சோலையின் கட்டையை எவரும் விரும்பிச் சுமக்கமாட்டார். மக்களைப் பழித்துக் காட்டைக் காத்தல் இயலாது. மக்களின் தேவையை அறிந்தே காட்டைக் காத்தல் இயலும்.

இனி மாணவர்களுக்கு உரியது ஒன்று உண்டு. ஒளிரும் காளானைக் கண்டறிந்தவர் வரலாற்றிற் பெரிய கருவிகள் பின்னரே வருகின்றன. முதலில் வருபவர்கள் பிரேசில் தெருச் சிறுவர்களும், ஒளிரும் மூங்கிலை ஏந்திய மேகாலய மக்களுமே. ஊரைச் சூழ்ந்த இயற்கையை நாள்தோறும் காண்பவர் ஊராரே. நீலகிரியின் சிற்றூர் ஒன்றில் வாழும் மாணவன் அல்லது மாணவி, ஆனி ஆடி மாதத்து மழையிரவில் வீட்டின் பின்புறம் கிடக்கும் மட்கிய கட்டையைப் பார்க்கலாம். விளக்கை அணைத்துக் கண் இருளுக்குப் பழகும்வரை கால் மணி நேரம் பொறுத்திருத்தல் வேண்டும். மின்விளக்கின் ஒளியில் இம்மெல்லொளி முற்றும் மறைந்துவிடும். படங்களிற் காணப்படுவதுபோல அது பளிச்சென்று தோன்றாது. படக்கருவி நெடுநேரம் ஒளியைத் திரட்டிக் காட்டுவதே அப்படங்கள். கண்ணுக்கு அது நிலவின் நிழல்போல் மங்கலாகவே தெரியும். ஒன்றும் தெரியாமற் போனாலும் இழப்பு இல்லை. மழையிரவின் இருளையேனும் அச்சமின்றி நோக்கியவர் ஆவர். யானையும் காட்டெருமையும் திரியும் காட்டினுள் இரவிற் செல்லுதல் ஆகாது; வனத்துறையின் இசைவின்றிப் பகலிலும் செல்லுதல் ஆகாது. ஒளிரும் காளான்களுள் நச்சுக் காளான்களும் உண்டு. ஆதலின் அவற்றைச் சுவைத்துப் பார்த்தலும் கூடாது. எந்நாளில், எந்த மரத்தில், எத்தகைய காளான் தோன்றிற்று என்று குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பேடு பிற்காலத்து ஆராய்ச்சிக்கு விதையாகலாம்.

அணையின் ஒளி நாட்டிற்கு இன்றியமையாதது. அதனைத் தாழ்த்துதல் பேதைமை. அவ்வொளியில் அமர்ந்தே எண்ணற்ற மாணவர்கள் இரவிற் படிக்கின்றனர். ஆனால் அந்த அணைக்கு நீரை அனுப்புவது மலை. மலையின் நீரைக் காப்பது சோலை. சோலையின் மண்ணை ஆக்குவது மட்கும் மரம். அம்மரத்தை மண்ணாக்குவது காளான். சிறியது பெரியதைத் தாங்கி நிற்கிறது. அடியில் உள்ளதைக் கழிவு என்று அகற்றிவிட்டு உச்சியில் உள்ளது நிலைக்கும் என்று எண்ணுவது, வேரைக் களைந்துவிட்டுக் கனிக்குக் காத்திருப்பதனோடு ஒக்கும்.

சோலையில் மரம் வீழ்ந்தால் அதனை அங்கேயே விட்டுவைப்போர் அறிவுடையோர். அது வீணாகிக் கிடக்கவில்லை. தன் கடைசிப் பணியைச் செய்துகொண்டிருக்கிறது. அப்பணியின் நடுவே, எவரும் காணாத இருளிலும், சிற்சில மரங்கள் மரகத ஒளி வீசுகின்றன.